ஓவிய வகுப்பு: கேள்வியும் பதிலும்

தமிழக-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து ஓவிய ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: கோடு, வடிவம், உருவம், ஒளிநிழல், வண்ணம், மேற்பரப்பு, வெளி என்று ஏழு கூறுகளையும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். படத்தில் ஒன்றையும் காணோம். தமிழ் மீடியம்தான், ஆனால் பாதிப் பேர் தங்களுக்குள் மலையாளத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். எங்கே தொடங்கலாம்?
— ஓவிய ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஏழையும் ஒரே நாளில் போர்டில் எழுதிப்போட்டால் ஒப்பிக்கத்தான் செய்வார்கள், அம்மா. ஒரு கூறுக்கு இரண்டு பீரியடாவது வேண்டும். பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். கோட்டில் தொடங்கினால் மொழிச் சிக்கலும் இல்லை. மலையாளத்தில் 'வர' என்றால் கோடு. நாம் 'வரை' என்கிறோம்.

ஏ4 தாளை மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். ரப்பரும் ஸ்கேலும் பைக்குள் போகட்டும். கையில் பால்பாயின்ட் பேனா மட்டும். முதல் நான்கு கட்டங்களில் நிமிர்ந்த, படுத்த, சாய்ந்த, வளைந்த கோடுகள். அடுத்த நான்கில் தூறல், அடைமழை, நெருஞ்சிமுள், தூங்கும் பூனை. நிபந்தனை ஒன்றுதான்: பொருளை வரையக் கூடாது, கோட்டிலேயே அது தெரிய வேண்டும். பூனைக்கு மீசை வைப்பவர்கள் நிச்சயம் சிலர் இருப்பார்கள். திட்ட வேண்டாம். பூனையை மூடிவிட்டு அதன் முதுகின் வளைவை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த பீரியடில் 2பி பென்சில். தாளின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே கோடு: மெலிதாகத் தொடங்கி, நடுவில் அழுத்தி, மறுபடி மெலிதாக முடிக்க வேண்டும். கோடு நடுங்கினால் மணிக்கட்டு மேசையில் ஊன்றியிருக்கிறது என்று அர்த்தம். எழுந்து நின்று முழங்கையிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள். வாசலில் கோலம் போடுபவரின் கை எங்கிருந்து அசைகிறது என்று மறுநாள் காலை வீட்டில் பார்த்துவரச் சொன்னால் அதுவே வீட்டுப்பாடம்.

கேள்வி: சொரசொரப்பு, வழவழப்பு பாடத்துக்குச் செலவில்லாத பயிற்சி ஏதாவது உண்டா?
— குலசேகரம்

பதில்: தேக்கிலை, தென்னை ஓலைப் பாய், கூரை ஓடு, கயிற்று மிதியடி. இவற்றின் மேல் மெல்லிய தாளை வைத்து, காகித உறை உரித்த மெழுகு கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். கிரேயானின் கூர்முனை தாளைக் கிழிக்கும். சார்ட் அட்டை தடிமன் என்பதால் எதுவும் பதியாது. இலையைக் கவிழ்த்து வையுங்கள். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான். உங்கள் ஊரில் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் வரிகளும் பதியும், அடியில் பலகை இருந்தால். இல்லாவிட்டால் ஷீட் அமுங்கிக் கொடுக்கும்.

கேள்வி: வட்டத்துக்கும் பந்துக்கும் வித்தியாசம் கேட்டால் என் மகள் சரியாகச் சொல்கிறாள். வரைந்தால் பந்தும் வட்டமாகவே இருக்கிறது. விரலால் தேய்த்துச் சாம்பல் பூசி வைக்கிறாள்.
— ஒரு தாய், தக்கலை

பதில்: வெளிச்சம் நான்கு பக்கமிருந்தும் வந்தால் பெரியவர்களுக்கே பந்து தட்டையாகத்தான் தெரியும். டியூப்லைட்டை அணையுங்கள். அட்டைப்பெட்டி ஒன்றின் முன்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டி எடுத்துவிட்டு, திறந்த பக்கவாட்டு ஜன்னலைப் பார்க்கும்படி வையுங்கள். உள்ளே வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் அவித்த வெள்ளை முட்டை. உருளாமல் இருக்கப் பின்னால் ஒரு துளி மைதா மாவு உருண்டை. பீங்கான் கிண்ணம், எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். அவற்றின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும்.

வரைவதற்கு முன் சாயல் ஏணி: வெள்ளையிலிருந்து கறுப்புவரை படிப்படியாக ஏறும் சாயல்கள். இரண்டு சென்டிமீட்டர் கட்டம் ஐந்து. முதல் கட்டம் வெறும் தாள். ஐந்தாவதை 6பி பென்சிலால் முடிந்தவரை கறுப்பாக்கி, அடுத்து மூன்றாவது, பிறகு இரண்டும் நான்கும். இடமிருந்து வரிசையாகப் போனால் மூன்றாம் கட்டத்திலேயே கறுப்பு தீர்ந்துவிடும். எச்.பி. பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கறுப்பு வராது, தாள்தான் பளபளக்கும்.

இப்போது முட்டையைக் கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து இடங்கள் தெரியும்: வெளிச்சம் நேராக விழும் இடம், நடுச்சாயல், அடர்நிழல், அடர்நிழலுக்கும் விளிம்புக்கும் இடையில் மெலிந்த எதிரொளி, தாளில் விழும் நிழல். நான்காவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முட்டையின் இருட்டுப் பக்கத்தில், அடியோரமாக, மங்கலாக ஒரு வெளிச்சப் பட்டை இருக்கும். அது வெள்ளைத்தாளில் பட்டுத் திரும்பும் ஒளி. தாளை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை விரியுங்கள், பட்டை காணாமல் போகும். மறுபடி தாளை வையுங்கள், வந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை, பிறகு விளிம்புவரை கறுப்பு அடிக்காது.

விழுநிழல் முட்டையைத் தொடும் இடத்தில் கடும் கறுப்பு; தள்ளிப் போகப்போக இளகும். சுற்றுக்கோடு தடித்திருந்தால் மறுபடி வட்டமாகிவிடும். அதனால் தொடக்கக் கோட்டை ரப்பரால் ஒற்றி ஒற்றிப் பாதி மங்கலாக்கிவிட்டுத்தான் நிழலிட வேண்டும்.

விரலால் தேய்ப்பதை நிறுத்துங்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு தாளில் ஏறினால் மேல் அடுக்கு திட்டுத் திட்டாக நிற்கும், ரப்பரும் எடுக்காது. பென்சிலைச் சாய்த்து, முட்டையின் வளைவை ஒட்டிய கோடுகளாக, மூன்று நான்கு அடுக்கு போதும். பழைய ஓவிய இலக்கணமான சித்திரசூத்திரமே இலை நரம்புபோல் கோடு, நுண்கோடு, புள்ளி என்று நிழலிடும் முறையை மூன்றாகச் சொல்கிறது. அதில் விரல் இல்லை.

கேள்வி: சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்கிறது பாடம். எங்களுக்குக் காப்பிப்பொடி நிறம்தான் வருகிறது. ஓணத்துக்கு அத்தப்பூக்களம் போடும்போது அதையே வண்ணச் சக்கரமாகக் காட்டலாமா?
— தோவாளை

பதில்: நீங்கள் எடுத்த சிவப்பு வெர்மிலியன் அல்லது ஸ்கார்லெட்டாக இருக்கும். அதில் மஞ்சள் சாயல் உண்டு. மூன்று முதன்மை நிறமும் கூடினால் காப்பிப்பொடிதான். கிரிம்சன் சிவப்பும் அல்ட்ராமரைன் நீலமும் எடுங்கள். வெளிர் நிறத்தை முதலில் வைத்து, அடர்நிறத்தை ஊசிமுனை அளவாகச் சேர்ப்பது எந்தக் கலவைக்கும் பொருந்தும். பச்சைக்கு மஞ்சள் ஒரு ஸ்பூன் என்றால் நீலம் ஒரு மிளகளவில் தொடங்கலாம். பிரஷ் கழுவ ஒரு குவளை, கலக்க ஒரு குவளை. ஒரே குவளை என்றால் பத்தாவது நிமிடத்தில் எல்லாமே சேறு.

பூக்களம் நல்ல யோசனைதான், ஆனால் அதில் நிறம் கலக்காது. இதழ்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, அவ்வளவே. எந்த நிறம் எதன் அருகில் தூக்கிக்காட்டுகிறது என்று பார்க்க அதுதான் சரியான இடம். மஞ்சள் கேந்தியை (செண்டுமல்லியை) ஒரு வளையத்தில் வாடாமல்லிக்குப் பக்கத்திலும், இன்னொன்றில் ஆரஞ்சுக் கேந்திக்குப் பக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். வாடாமல்லியின் ஊதா அருகே மஞ்சள் துள்ளும். ஆரஞ்சின் அருகே அடங்கும். நீலத்துக்குச் சங்குப்பூ. பூச்சந்தை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. உதிரிப்பூ வாங்கினால் போதும்.

கேள்வி: நாற்பது பிள்ளைகள், நாற்பது படம், எல்லாவற்றிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை. மாற்ற முடியுமா?
— ஆசிரியர், செங்கோட்டை

பதில்: அந்தச் சூரியன் உதிப்பதா மறைவதா என்று கேளுங்கள். உதிப்பது என்பார்கள். உங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. உதயச் சூரியன் மலைக்குப் பின்னால் வர வேண்டுமானால் கணவாயைத் தாண்டித் தென்மலைப் பக்கம் போய்த்தான் நிற்க வேண்டும். பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆறுக்கு நான்கு சென்டிமீட்டர் ஜன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடி அதன் வழியே மலையைப் பார்க்க வேண்டும். முகட்டுக்குப் பின்னால் எத்தனை முகடு என்று எண்ணட்டும். முன்னிருப்பது பின்னிருப்பதை மறைக்கிறது, தொலைவிலிருப்பது சிறுக்கிறது, நிறம் வெளுத்து நீலமாகிறது. மூன்றையும் அங்கேயே காட்டலாம். நடுவிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நீலம் அது. சாரல் காலத்தில் நீர்த்திவலைகள் எல்லா ஒளியையும் சிதறடிப்பதால் தொலைமலை வெள்ளையில் கரைந்துவிடும். இரண்டு பருவத்திலும் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கவைப்பது நல்லது.

வகுப்பில் போஸ்டர் கலர். தொலைவிலிருந்து தொடங்க வேண்டும்: வெள்ளை இரண்டு ஸ்பூன், நீலம் ஒரு மிளகளவு, கடைசி முகடு. அதே கிண்ணத்தில் பச்சை கால் ஸ்பூன் சேர்த்து அடுத்த முகடு. இப்படியே நான்காவதுவரை. முன்மலையில் தொடங்கினால் அடர்ந்த பச்சையை வெளுக்க வெள்ளை டப்பாவே காலியாகும். ஒரு முகடு காயாமல் அடுத்ததைத் தொட்டால் ஓரம் கசியும். வெயில் நாளில் ஐந்து நிமிடம் போதும். சாரலில் அன்றைக்கு இரண்டு முகட்டோடு நிறுத்திக்கொண்டு மீதியை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். தென்னையை மட்டும் விட்டுவிடலாம், பாவம். அது முன்னால் நின்றால் தொலைவு இன்னும் கூடித் தெரியும்.

கேள்வி: பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போகிறோம். எதைப் பார்க்கச் சொல்வது?
— மார்த்தாண்டம்

பதில்: முகப்பு மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் கோட்டில் வரையட்டும். அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலையில் மரச்சட்டங்களின் இடைவெளியில் வரும் வெளிச்சம் கறுத்த தரையில் எங்கே மங்குகிறது என்று குறிக்கட்டும். சாயல் ஏணிப் பாடம் அங்கே தரையிலேயே கிடக்கிறது. பென்சிலும் அட்டையும் போதும், கலர் டப்பா வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை.