வளர்ப்பு மீனும் பிடித்த மீனும்: சதையைப் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வளர்ப்பு மீன் மெத்துமெத்தென்று இருக்கிறது. கடலிலோ ஆற்றிலோ பிடித்த மீன் கெட்டியாக இருக்கிறது. சீக்கிரம் வளர ஏதாவது மருந்து கொடுப்பதால்தானா?

மருந்தைத் தேட வேண்டியதில்லை. தீவனமும் அசைவும் போதும், தசை இழைகள் வளரும் விதம் அவற்றைப் பொறுத்தும் மாறும். பாலூட்டிகளுக்குத் தசை இழைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறகு இருக்கிற இழைகள்தான் தடிக்கும். பல மீன்கள் அப்படியில்லை, பிறந்து வெகுகாலம் வரை புதுப்புது இழைகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரே அளவு இடத்தில் மெல்லிய இழைகள் நெருக்கமாக இருந்தால் பல்லுக்குக் கெட்டியாகத் தெரியும். தடித்த இழைகள் குறைவாக இருந்தால் மென்மையாகத் தெரியும்.

அதோடு கொழுப்பும் சேர்கிறது. வளர்ப்புச் சால்மனில் கொழுப்பு, பிடித்த சால்மனைப் போல இரண்டு மடங்கு வரைகூட இருக்கும். மீன் சதையில் கொழுப்பையும் தண்ணீரையும் கூட்டினால் சுமார் 80 சதவீதம் வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். அதனால் 'மெத்து' என்று நீங்கள் சொல்வது கொழுப்பு தரும் வழவழப்பா, தண்ணீர் தரும் சொதசொதப்பா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது குறையே அல்ல.

கேள்வி: பிடித்த மீன்தான் எப்போதும் உசத்தி, இல்லையா?

இல்லை. முட்டையிட்டு முடித்த மீனை வாங்கிப் பாருங்கள். சினைக்காக உடம்பிலிருந்த கொழுப்பையும் புரதத்தையும் செலவழித்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரோடு நிற்கும். ஆறேறும் சால்மன் வழியில் இரை எடுப்பதே இல்லை என்பதால் கடைசியில் அதன் சதை வெளுத்துத் தளர்ந்துபோகும். இழுவலையில் மணிக்கணக்காக நசுங்கி வந்த மீனும் அப்படித்தான். கூடோவா என்ற ஒட்டுண்ணியின் சில இனங்கள் தசைக்குள் இருந்தால், மீன் செத்தபின் அவற்றின் நொதிகள் சதையைக் கரைத்துக் கூழாக்கிவிடும். சமைக்கும்வரை தெரியாமலே இருந்து ஏமாற்றும்.

கேள்வி: வளர்ப்பு மீனைத் துண்டு போட்டபோது சதை ஏடு ஏடாகப் பிளந்திருந்தது. பழைய மீனைத் தள்ளிவிட்டார்களா?

இருக்கலாம். ஆனால் நேற்றுப் பிடித்த மீனும் இப்படிப் பிளக்கும், அதுவும் நன்றாகத் தின்று கொழுத்த மீன்தான் அதிகம் பிளக்கும்.

மீனின் தசை, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கிய ஏடுகள் போன்றது. ஏடுகளுக்கு நடுவே கொலாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய சவ்வு ஒட்டிப் பிடித்திருக்கும். அது குறைந்த சூட்டிலேயே இளகிவிடுவதால்தான் வெந்த மீன் இதழிதழாக உதிர்கிறது. பச்சையாக இருக்கும்போதே பிளந்திருந்தால் சவ்வு முன்கூட்டியே விட்டுவிட்டது என்று பொருள்.

ஏன் விடுகிறது? வயிறார உண்ட மீன் தசையில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். செத்தபின் அது லாக்டிக் அமிலமாக மாறும். சேமிப்பு அதிகமென்றால் அமிலமும் அதிகம். அமிலம் ஏற ஏறச் சவ்வு பலம் இழக்கும், புரதமும் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாமல் கசியவிடும். காட் என்ற குளிர்கடல் மீனை வளர்க்கும்போது இந்தத் தொல்லை நன்கு அறியப்பட்டது. இரை குறைவாகக் கிடைத்த கடல் காட் அந்த அளவுக்குப் பிளப்பதில்லை.

மிச்சம் மனிதர் கைவேலை. துள்ளித் துடித்துச் சாகும் மீனில் அமிலம் உடனே ஏறும், செத்தபின் உடம்பில் வரும் விறைப்பும் சீக்கிரம் வந்துவிடும். ஐஸ் போடாமல் சூட்டில் விறைத்தால் தசை பலமாக இழுத்து ஏடுகளைக் கிழிக்கும். விறைத்துக் கிடக்கும் மீனை வளைத்து நிமிர்த்துவதும் கிழிக்கும். ஒரே தொட்டியில் வளர்ந்த இரண்டு மீன்கள் இதனாலேயே வேறுவேறு சதையோடு வரும். 'வளர்த்ததா, பிடித்ததா' என்பதைவிட 'எப்படிச் செத்தது, எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்தது' என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பிளவு மட்டும் இருந்து நாற்றமும் பிசுபிசுப்பும் இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். குழம்பில் போட்டால் உடையும், அவ்வளவுதான்.

கேள்வி: வளர்ப்பு மீனின் சதையைக் கெட்டிப்படுத்த வழி உண்டா?

உண்டு. நீரோட்டத்தை எதிர்த்து மிதமாக நீந்தவிடுவது ஒன்று. சால்மன் வகைகளில், நொடிக்குத் தன் உடல் நீளத்தின் அளவு தூரம் நீந்தும் வேகம் வளர்ச்சிக்கும் சதைக்கும் நல்லதென்று கண்டிருக்கிறார்கள். தீவனத்தாலும் மாற்றலாம். புல்கெண்டைக்குச் சில மாதங்கள் ஃபாபா பீன்ஸை மட்டுமே கொடுத்தால் சதை நறுக்கென்று ஆகிவிடும். எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் அது.

கேள்வி: குட்டை மீனில் மண் வாடை எதனால்?

ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசியும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்குவது. செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கும். கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். பிடிப்பதற்கு முன் சில நாட்கள் தீவனம் போடாமல் சுத்தமான ஓடும் தண்ணீரில் விட்டுவைத்தால் குறையும். கொழுத்த மீனுக்கு நாள் கூடுதலாகும்.

கேள்வி: வளர்ப்புச் சால்மனுக்கு நிறத்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்களாமே?

ஊசி இல்லை. அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். கடலில் அதே நிறமி கூனி போன்ற சிற்றுயிர்களிலிருந்து கிடைக்கிறது.

கேள்வி: வறுக்கும்போது துண்டின் மேல் வெள்ளையாகத் தயிர் போல வருகிறதே?

தசைச் சாற்றில் கரைந்திருந்த புரதம் பிதுங்கி வந்து சூட்டில் உறைவதுதான். சூடு மிஞ்சினால் அதிகம் வரும். கொழுப்புள்ள வளர்ப்பு மீன் ஓரிரு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் தாங்கும். கொழுப்பில்லாத மீன் தாங்காது, நார் நாராக வறண்டுவிடும். நடுப்பகுதி கண்ணாடி போலிருக்கும் நிலையிலிருந்து வெளுக்கத் தொடங்கியதுமே இறக்கிவிடுங்கள்.