அவளுக்கு நீச்சல் தெரியும்

கேள்வி: எனக்கு 41 வயது. திருமணம் ஆகவில்லை. இதுவரை மூன்று பெண்கள்மேல் மனம் போயிருக்கிறது. மூவருமே பெரிய கஷ்டத்தில் இருந்தவர்கள். ஓடி ஓடி உதவினேன். கஷ்டம் தீர்ந்ததும் எனக்கும் விட்டுப்போனது. இப்போது அலுவலகத் தோழி ஒருவர், குடிகாரக் கணவரைப் பிரிந்து குடும்ப நீதிமன்றத்துக்கு அலைகிறார். வக்கீல் பார்த்துக் கொடுத்தது நான்தான். போன வாரம் அவராகவே வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். என்னிடம் சொல்லவே இல்லை. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சக் கூப்பிட்டிருக்கிறார். நண்பன் ஒருவன் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படத்தைப் போட்டுக் காட்டி, "இது நீதான்டா, ஃப்ராய்ட் அப்பவே எழுதிட்டார்" என்கிறான். எனக்கு இருப்பது வியாதியா? விலகிவிடவா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: வியாதி என்ற சொல்லை நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்கள். உங்கள் நண்பர் சொல்வது, ஆண்கள் காதலுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் ஒரு தனி ரகம் பற்றி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 1910இல் எழுதிய சின்னக் கட்டுரை. இந்த ரகத்தை மனநோய் உள்ளவர்களிடம் மட்டுமல்ல, சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களிடமும், ஏன், சிறந்த மனிதர்களிடமும்கூடப் பார்க்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆகவே தைரியமாக மேலே படியுங்கள்.

அவர் காட்டும் ஆசாமிக்குச் சில அடையாளங்கள் உண்டு. பெண் ஏற்கெனவே இன்னொருவனுக்கு உரியவளாக இருக்க வேண்டும். அவளைப் பற்றி ஊரில் ஏதாவது பேச்சும் இருக்க வேண்டும். காதல் வந்துவிட்டால் உயிரையே கொடுப்பான். ஆனால் அதே கதை ஆள் மாறி ஆள் மாறி நடந்துகொண்டே இருக்கும். தான் இல்லாவிட்டால் அவள் சீரழிந்துவிடுவாள் என்று சத்தியமாக நம்புவான். அவளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அவன் அவளைக் காப்பாற்றும் லட்சணம். இந்த வரியை எழுதும்போது ஃப்ராய்ட் மீசைக்குள் சிரித்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வேர் எங்கே என்றால், அம்மாவிடம். அவர் எழுத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் வந்து திறப்பது அம்மாதானே! உயிர் கொடுத்தவர்கள் பெற்றோர் என்று கேட்டே வளரும் பிள்ளைக்கு அந்தக் கடன் உறுத்துகிறது. அப்பாவிடம் அது ரோஷமாகும்: ஏதாவது ஆபத்திலிருந்து அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டால் கணக்கு நேர். அம்மாவிடம் பாசமாகும்: தந்த உயிருக்கு ஈடாக இன்னோர் உயிர், அதாவது ஒரு குழந்தை. இந்தக் கடைசிப் படியை என்னால் முழுசாக விழுங்க முடிந்ததில்லை. ஆனால் அதே கட்டுரையில், ஒரு பெண்ணைத் தண்ணீரிலிருந்து தூக்குவதாக ஆண் கனவு கண்டால் அவளைத் தாயாக்குகிறான் என்று பொருள் என்றும் சொல்கிறார். அதை நினைத்துக்கொண்டு 1958இல் வந்த அந்தப் படத்தை இன்னொரு முறை ஓடவிடுங்கள்.

கோல்டன் கேட் பாலத்தடியில் மேடலின் தண்ணீரில் விழுகிறாள். அவள் கணவன் எல்ஸ்டர் கேட்டுக்கொண்டபடி பின்தொடர்ந்து வந்த முன்னாள் துப்பறிவாளன் ஸ்காட்டி குதித்துத் தூக்குகிறான். அடுத்து அவள் அவன் கட்டிலில் கிடக்கிறாள், துணிகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்தவன் மனைவி, மனசு சரியில்லாதவள், சாகத் துணிந்தவள். எல்லாம் எழுதிவைத்தாற்போலப் பொருந்துகிறது. எழுதித்தான் வைத்திருக்கிறான் எல்ஸ்டர். தன் மனைவியைக் கொல்லும் திட்டத்துக்காக ஜூடி என்ற பெண்ணை மனைவிபோல நடிக்கவிட்டு, நண்பன் ஸ்காட்டியைச் சாட்சியாக்குகிறான். மேடலின் மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்துவிட்டாள் என்று ஸ்காட்டியும் நம்பிவிடுகிறான். (படம் பார்க்காத வாசகர்கள் மன்னிக்க.)

அந்த ஜூடியைப் பிறகு தெருவில் கண்டுபிடித்து, சாம்பல் நிற உடை வாங்கிக் கொடுத்து, முடிக்குச் சாயம் ஏற்றி, கொண்டை போடவைத்து, செத்தவளை மறுபடி உண்டாக்குகிறானே, அதைத்தான் விமர்சகர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்திருக்கிறார்கள். லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையில், பார்க்கிற ஆணின் அதிகாரமே அங்கே அம்பலமாகிறது என்கிறார். டானியா மாட்லெஸ்கி 1988இல் வேறு பக்கம் திருப்பினார்: அவன் அவளை ஆள்வது ஒருபுறம் இருக்க, அவளிடம் தன்னையே கண்டு தத்தளிக்கிறான் என்றார். நான் மாட்லெஸ்கி கட்சி. காரணம், படத்தின் முதல் காட்சி. கூரை விளிம்பில் தொங்கும் ஸ்காட்டிக்குக் கை நீட்டிய போலீஸ்காரர் விழுந்து சாகிறார். ஸ்காட்டி எப்படிக் கீழே வந்தான் என்று ஹிட்ச்காக் காட்டவே இல்லை. அவன் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறான் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று விமர்சகர் ராபின் வுட் எப்போதோ எழுதிவிட்டார். காப்பாற்றப்பட வேண்டியவனே காப்பாற்றக் கிளம்பினால் கை எங்கே போகும்? மனநல விடுதியில் அவன் பேச்சற்று உட்கார்ந்திருக்கும்போது, பழைய தோழி மிட்ஜ் குனிந்து, "நீ தொலைந்துபோகவில்லை, அம்மா இருக்கிறேன்" என்கிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் கற்பனை கேட்ட அம்மா வேறு.

உங்களுக்காக நான் குறித்துவைத்த இடம் கடைசியில் வருகிறது. குட்டு உடைந்து, ஜூடியை மணிக்கூண்டுப் படிகளில் இழுத்துப் போகும்போது ஸ்காட்டி ஒன்று கேட்கிறான்: 'அன்றைக்குத் தண்ணீரில் குதித்தாயே, நீ நன்றாக நீச்சலடிப்பாய், இல்லையா?' கொலைக்கு உடந்தையாக இருந்தாளே என்ற கோபத்தைவிட, நீந்தத் தெரிந்தவளைப் போய்த் தூக்கினோமே என்ற அவமானம்தான் அந்தக் குரலில் எனக்குக் கேட்கிறது. 1956இல் ஜான் ஃபோர்டு எடுத்த 'த சர்ச்சர்ஸ்' படத்திலும் ஸ்காட்டிக்குப் பங்காளி ஒருவன் உண்டு. கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தூக்கிப்போன அண்ணன் மகளை வருஷக்கணக்காகத் தேடுகிறான். அவள் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள் என்று தெரிந்ததும் கொல்லத் துப்பாக்கி எடுக்கிறான்.

இப்போது உங்கள் கடிதம். வக்கீல் பார்த்துக் கொடுத்தீர்கள். அது நல்ல காரியம், அதற்கு ஃப்ராய்ட் தேவையில்லை. 'என்னிடம் சொல்லவே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று சொற்களை எழுதியபோது மனசில் என்ன இருந்தது? ஸ்காட்டியின் கேள்வியில் இருந்ததுதான் என்பது என் ஊகம். அவர் தானாக வீடு பிடித்தது உங்களுக்குச் செய்த துரோகமில்லை. முந்தைய மூன்று முறையும் உங்களுக்கு மனசு விட்டுப்போனது எந்த நாளில் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் கரையேறிய நாளாகத்தான் இருக்கும்.

விலக வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் விலகுவதும் அதே நாடகத்தின் இன்னொரு காட்சி. கேட்ட உதவியை மட்டும் செய்யுங்கள். அந்தக் கணவர் புது வீட்டு வாசலில் வந்து தகராறு செய்தால் நீங்கள் கதாநாயகனாகக் குறுக்கே பாய வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண் உங்கள் தோழியின் கைபேசியில் இருக்கட்டும். நான்காவது முறையும் இதே கதை ஓடுவதுபோலத் தெரிந்தால், ஒரு மனநல ஆலோசகரிடம் நாலு தடவை உட்கார்ந்து பேசுங்கள். முதலில் உங்கள் அம்மாவைப் பற்றித்தான் கேட்பார், பதறாதீர்கள்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள். சாமான் இறக்க ஆள் வேண்டுமா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால், பால் குடித்துவிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.