மூத்த பதவிக்கான இன்டர்வியூ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

22 ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருக்கிறேன். இப்போது வேறு இடத்துக்கு முயல்கிறேன். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் எங்கே ஆரம்பிப்பது?

கல்லூரியில் ஆரம்பிக்காதீர்கள். முதல் வேலை, முதல் பதவி உயர்வு என்று வரிசையாக வந்தால், இன்றைய வேலைக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடும். இப்போது உங்கள் பொறுப்பு என்ன, உங்களுக்குக் கீழே எத்தனை பேர், புதிய பதவிக்குத் தொடர்புள்ளதாக நீங்கள் செய்த இரண்டு வேலைகள், இங்கே ஏன் வர விரும்புகிறீர்கள். இவ்வளவுதான். இரண்டு நிமிடம் போதும்.

ஒரே இடத்தில் இருந்தவர் புது இடத்துக்குப் பழகுவாரா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருக்கும். துறை மாறியது, நிர்வாகம் கைமாறியது, புது மென்பொருளுக்கு மாறியது என்று உள்ளேயே நீங்கள் கடந்துவந்த மாற்றங்களைச் சொல்லுங்கள்.

'உங்கள் தனிப்பட்ட பங்கு என்ன என்று புரியவில்லை' என்று நிராகரித்துவிட்டார்கள். பலர் சேர்ந்து செய்ததை 'நான் செய்தேன்' என்று சொல்வது சரியா?

உங்கள் தயக்கம் நல்ல குணம். ஆனால் அவர்கள் வேலைக்கு எடுக்கப்போவது உங்களை மட்டும்தான். அதனால் பிரித்துச் சொல்லுங்கள்: உழைப்பு குழுவினுடையது, எடுத்த முடிவு என்னுடையது.

நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்று நான்கு படியாகச் சொல்லும் ஸ்டார் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூத்த பதவிக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து. வேறு என்ன வழிகள் இருந்தன, எதை ஏன் விட்டீர்கள், யார் எதிர்த்தார்கள் என்பதையும் சேருங்கள். அனுபவம் வெளிப்படுவது அங்கேதான்.

'சம்பள மென்பொருளை வெற்றிகரமாக மாற்றினோம்' என்று எவரும் சொல்லலாம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றினால் செலவு குறையும். நிதித்துறை அதைத்தான் கேட்டது. ஆனால் கோளாறு வந்தால் எல்லோருக்கும் சம்பளம் நின்றுவிடும். அதனால் கிளை கிளையாக மாற்ற முடிவெடுத்தேன். நான்கு மாதம் கூடுதலாக ஆனது. ஒரு கிளையிலும் சம்பளம் தாமதமாகவில்லை.' இதைக் கேட்டவருக்கு நீங்கள் எப்படி யோசிப்பவர் என்று தெரிந்துவிடும்.

இப்படி ஏழெட்டுச் சம்பவங்களை எழுதிவையுங்கள். அதில் ஒன்றாவது சரியாக வராத முடிவாக இருக்கட்டும், அதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனப்பாடம் மட்டும் வேண்டாம். அப்புறம், பழைய நிறுவனத்தின் ரகசியக் கணக்குகளை வெளியே சொல்லாதீர்கள். அங்கே உள்ளதை இங்கே சொல்பவர், இங்கே உள்ளதை நாளை வேறெங்கோ சொல்வார் என்றுதான் நினைப்பார்கள்.

மேலாளராக வரப்போகிறவர் என்னைவிட 15 வயது இளையவர். 'இந்தப் பதவிக்கு உங்கள் அனுபவம் அதிகமாயிற்றே' என்கிறார்.

அந்தக் கேள்விக்குள் மூன்று பயங்கள் இருக்கின்றன: சீக்கிரம் போய்விடுவாரோ, சம்பளம் அதிகம் கேட்பாரோ, நான் சொன்னால் கேட்பாரோ. 'வயதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை' என்ற ஒற்றை வரி இதில் எதையும் தீர்க்காது. உங்களைவிட இளையவர் ஒருவர் சொன்னதை ஏற்று நீங்கள் உங்கள் முறையை மாற்றிக்கொண்ட சம்பவத்தைச் சொல்லுங்கள். நிர்வாகத்தைவிட நேரடி வேலைதான் பிடித்திருக்கிறது என்பது உண்மையானால் அதையும் சொல்லுங்கள். அப்படி உண்மையான காரணம் எதுவும் இல்லையென்றால், தயவுசெய்து அந்த வேலைக்குப் போகாதீர்கள். இருவருக்குமே கஷ்டம்.

ஆட்குறைப்பில் வேலை போய்ப் பத்து மாதம் ஆகிறது. எப்படிச் சொல்வது?

'எங்கள் பிரிவை மூடினார்கள், என் பதவியும் போனது' என்று நேராகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பழைய நிர்வாகத்தைக் குறை சொல்ல வேண்டாம். இடையில் படித்ததையும் செய்ததையும் சுருக்கமாகச் சொல்லலாம். வாடிக்கையாளரே இல்லாமல் 'ஆலோசகராக இருந்தேன்' என்று மட்டும் போடாதீர்கள். அடுத்த கேள்வியே 'யாருக்கு?' என்று வரும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று முதல் அழைப்பிலேயே கேட்கிறார்களே?

'இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?' என்று நீங்கள் முதலில் கேளுங்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால், சந்தை நிலவரத்தை விசாரித்து வைத்த ஒரு வரம்பைச் சொல்லுங்கள். வாங்கிக்கொண்டிருக்கும் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள், சம்பளச் சீட்டு கேட்டால் பிடிபடும். பழைய சம்பளத்தைக் கேட்பதையே சில இடங்களில் சட்டம் தடுக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2018 முதல் அப்படித்தான். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்றால்?

கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது? முதல் ஆறு மாதத்தில் எது மாறியிருக்க வேண்டும்? அந்த மாற்றத்தை விரும்பாதவர்கள் உள்ளே இருக்கிறார்களா? நேர்காணல் செய்பவர்கள் பலராக இருந்தால் இரண்டாவது கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால், வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே மேலாளரிடம் பேசி அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.