ஒரே கமரா, நாட்டுக்கொரு பெயர்: கனடாவில் கமரா வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, இதே குழப்பம் உள்ள மற்றவர்களும் வாசிக்கக்கூடும் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் நண்பருடைய கனன் இஓஎஸ் 1500டி கமராவில் படம் எடுத்துப் பழகியிருக்கிறீர்கள். ஸ்காபரோவுக்கு வந்தபின் அதையே வாங்கத் தேடினால், எந்தக் கடையிலும் அந்தப் பெயர் இல்லை. கடைக்காரர் றெபெல் ரி7 என்ற ஒன்றை எடுத்துக் காட்டுகிறார். பாரிஸில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன், தான் பாவித்த 2000டியை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். இணையத்தில் ஜப்பானிய விற்பனையாளர் ஒருவர் கிஸ் எக்ஸ்9 என்ற கமராவை நல்ல விலைக்குப் போட்டிருக்கிறார். இவையெல்லாம் ஒன்றுதானா, எதை வாங்கலாம், நாளை ஊருக்குக் கொண்டுபோனால் வேலை செய்யுமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் மூன்றும் ஒரே கமரா. 2018இல் வெளிவந்த அந்த ஒன்றை ஐரோப்பாவில் 2000டி என்றும், இலங்கை, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் 1500டி என்றும், வட அமெரிக்காவில் றெபெல் ரி7 என்றும், ஜப்பானில் கிஸ் எக்ஸ்90 என்றும் கனன் விற்றது. நான்காவதாக நீங்கள் குறிப்பிட்ட கிஸ் எக்ஸ்9 வேறு கமரா; அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காசு அங்கேதான் ஆபத்தில் இருக்கிறது.

இந்தப் பெயர் வழக்கம் டிஜிட்டல் காலத்தில் தோன்றியதல்ல. படச்சுருள் காலத்திலேயே, 1990இல், பிற இடங்களில் இஓஎஸ் 1000 என்று விற்ற கமராவுக்குக் கனன் வட அமெரிக்காவில் றெபெல் என்று பெயர் வைத்து, நீண்ட முடியோடு இருந்த டென்னிஸ் வீரர் ஆந்திரே அகாசியை விளம்பரத்தில் நிறுத்தியது. 1993இல் இஓஎஸ் 500 வந்தபோது, ஜப்பானில் குழந்தைகளைப் படம் எடுக்க விரும்பும் இளம் தாய்மாரை மனத்தில் வைத்து அதற்குக் கிஸ் என்று பெயரிட்டார்கள். அமெரிக்காவில் கலகக்காரன், ஜப்பானில் முத்தம், ஐரோப்பாவில் வெறும் இலக்கம் என்று ஒரே பொருளை மூன்று விதமாக விற்கும் அந்த முறை, 2003இல் வந்த 300டியிலும் தொடர்ந்தது. அதுவே டிஜிட்டல் றெபெல், அதுவே கிஸ் டிஜிட்டல். விளம்பர வசதியைத் தவிர, ஒரு நாட்டுக்கென அனுப்பிய பொருள் இன்னொரு நாட்டுக் கடைக்கு வந்துவிட்டால் பெயரைப் பார்த்தவுடனேயே அது தெரிந்துவிடும் என்ற இலாபமும் நிறுவனத்துக்கு உண்டு. வாங்குபவருக்கு இதில் ஒரு நன்மையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த ஆபத்துக்கு வருவோம். பெயர்கள் வேறுபடுவதைவிட, வேறு வேறு கமராக்களின் பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதுதான் கூடுதல் தொல்லை தருகிறது. றெபெல் ரி7 என்பது 2000டி. அதன் பின்னால் ஐ என்ற ஓர் எழுத்துச் சேர்ந்து றெபெல் ரி7ஐ ஆகிவிட்டால் அது 800டி, 2017இல் வந்த, முற்றிலும் மேலான கமரா. கமரா தானாகக் குவியம் பிடிக்கப் பயன்படுத்தும் புள்ளிகள் முன்னதில் 9, பின்னதில் 45. முன்னதன் திரை அசையாது, பின்னதன் திரை வெளியே திரும்பும், தொட்டாலும் கேட்கும். முன்னதில் ஒலிவாங்கி செருகத் துளை கிடையாது, பின்னதில் உண்டு. ஜப்பானியப் பெயர்களில் நிலைமை இன்னும் மோசம்: கிஸ் எக்ஸ்9 என்பது 200டி, கிஸ் எக்ஸ்9ஐ என்பது 800டி, கிஸ் எக்ஸ்90 என்பது உங்கள் நண்பரின் 1500டி. ஐரோப்பியப் பெயர்களில் 200டிக்கும் 2000டிக்கும் இடையே ஒரு பூச்சியம்தான் வேறுபாடு, ஆனால் பூச்சியம் கூடியதுதான் தரத்தில் குறைந்தது. கனனின் இலக்க முறையில் ஓர் இலக்கம் தொழில்முறையாளருக்கு, நான்கு இலக்கம் புதிதாகத் தொடங்குபவருக்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலக்கங்கள் கூடக் கூடப் படி இறங்குகிறது.

ஆகவே, நீங்கள் பார்த்த கிஸ் எக்ஸ்9 உண்மையில் எக்ஸ்9 தானென்றால், அது நீங்கள் தேடும் 1500டியைவிட நல்ல கமரா. இங்கே அதை றெபெல் எஸ்எல்2 என்று விற்றார்கள். அதன் திரை திரும்பும், காணொளி எடுக்கும்போது குவியம் விரைவாகப் பிடிக்கும், ஒலிவாங்கியும் செருகலாம். ஆனால் விற்பவர் எக்ஸ்90ஐ எக்ஸ்9 என்று தவறாகவோ, தெரிந்தோ எழுதியிருந்தால், எஸ்எல்2 விலையில் வெறும் ரி7 வாங்கியவர் ஆவீர்கள். இதே குழப்பம் கனடாவில் பாவித்த பொருள் விற்கும் இடங்களில் ரி7க்கும் ரி7ஐக்கும் இடையே நாள்தோறும் நடக்கிறது. இன்னொன்று: ஆசியாவில் 3000டி, ஐரோப்பாவில் 4000டி, இங்கே ரி100 என்று விற்ற கமராவை எந்தப் பெயரில் கண்டாலும் விலகிவிடுங்கள். 18 மெகாபிக்சல், சிறிய மங்கலான திரை, லென்ஸ் பொருத்தும் வளையம்கூடப் பிளாஸ்டிக். 4000 என்பது 2000ஐவிடப் பெரிய எண் என்று நினைத்து அதை வாங்கியவர்கள் உண்டு.

பெயரை நம்பாமல் கமராவை இனங்காண்பதற்கு எளிய வழிகள் இருக்கின்றன. கமராவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டில் டிஎஸ்126 என்று தொடங்கும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். முன்பக்கத்தில் றெபெல் என்றிருந்தாலும் கிஸ் என்றிருந்தாலும், உள்ளே ஒரே கமராவாக இருந்தால் அந்த எண்ணும் ஒன்றாகவே இருக்கும். அதைவிட விரைவான சோதனை பற்றரி. 2000டி குடும்பத்துக்கு எல்பி-இ10, 200டிக்கும் 800டிக்கும் எல்பி-இ17. விற்பவர் அனுப்பும் படத்தில் பற்றரியில் எல்பி-இ10 என்று இருந்தால், அவர் என்ன பெயர் சொன்னாலும் அது எக்ஸ்9 ஆக முடியாது. மேலதிகப் பற்றரியோ சார்ஜரோ வாங்கும்போதும் கமராவின் பெயரைப் போட்டுத் தேடாமல் இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் குழப்பமே வராது. கனன் வெளியிட்டுள்ள ஆங்கிலக் கையேட்டின் முகப்பில் ரி7, 2000டி, 1500டி ஆகிய பெயர்கள் ஒன்றாகவே அச்சிடப்பட்டிருக்கும். அதுவும் போதிய சாட்சி. எடுத்த படத்தின் உள்தரவில் அந்தந்த நாட்டுப் பெயரே பதிவாகும் என்பதால், உங்கள் நண்பரின் படத்தில் 1500டி என்றும் உங்கள் படத்தில் றெபெல் ரி7 என்றும் காட்டுவதைப் பார்த்துத் தரம் வேறு என்று எண்ண வேண்டாம்.

உடல் ஒன்று என்றாலும் பெட்டிக்குள் வருவது ஒன்றல்ல. லென்ஸைக் கவனியுங்கள். இங்கே ரி7 உடன் வரும் 18-55 லென்ஸில் ஐஎஸ் என்ற எழுத்துகள் இருக்கும். கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி அது. ஐரோப்பாவில் 2000டியை அந்த வசதி இல்லாத, அதே 18-55 அளவுள்ள மலிவான லென்ஸுடனும் விற்றார்கள். மண்டபங்களில் குறைந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப்போகும் உங்களுக்கு அந்த இரண்டு எழுத்துகள் பெரிய வேறுபாடு. பாரிஸ் அண்ணனிடம் லென்ஸின் முன்வளையத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சார்ஜரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இலங்கையில் 230. கனன் சார்ஜர் 100 முதல் 240 வரை ஏற்கும். இங்கு விற்பதில் தட்டையான இரு முனைகள் மடங்கியபடி சார்ஜரிலேயே இருக்கும். ஐரோப்பியச் சார்ஜரின் பெயருக்கு இறுதியில் இ என்ற எழுத்துச் சேர்ந்து, தனி வயர் செருகும்படி இருக்கும். அந்த வயரை மாற்றினால் போதும். ஊருக்குக் கொண்டுபோகும்போது ஒரு செருகி மாற்றி போதும். மின்மாற்றி வாங்கிச் சுமக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

காணொளி எடுப்பதாக இருந்தால் மட்டும் ஒன்று உண்டு. இங்கே மின்சாரத்தின் அதிர்வு 60 ஹேர்ட்ஸ், ஊரில் 50. குழல் விளக்குகளின் கீழ் இது பொருந்தாவிட்டால் காணொளியில் கோடு கோடாக ஓடும். கனனில் பட்டியலுக்குள் போய், 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கான என்ரிஎஸ்சி (NTSC), 50 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கான பால் (PAL) என்ற இரண்டு காணொளி முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஊருக்குப் போகும்போது PAL முறைக்கு மாற்றிவிடுங்கள். எல்லா நிறுவனங்களும் இவ்வளவு தாராளம் அல்ல. பானசோனிக் ஐரோப்பாவில் விற்ற சில கமராக்கள் விநாடிக்கு 50, 25 படச்சட்டங்கள் என்ற வேகங்களிலேயே கட்டப்பட்டவை, மாற்ற வழி இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர்களும் தனிக் காடு: 2016இல் வந்த ஒரே கமராவுக்கு ஐரோப்பாவில் ஜிஎக்ஸ்80, இங்கே ஜிஎக்ஸ்85, ஜப்பானில் ஜிஎக்ஸ்7 மார்க் 2.

மொழி விடயத்தில் ஜப்பானியச் சந்தைக் கமராக்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சோனி, ஜப்பானில் விற்கும் பல கமராக்களில் ஜப்பானிய மொழியை மட்டுமே வைத்திருக்கிறது. அவற்றின் பட்டியலில் ஆங்கிலத்துக்கு மாற்றும் தெரிவே இராது. ஜப்பானிலிருந்து சோனி மலிவாகக் கிடைக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். கனன் கிஸ் வரிசையில் பொதுவாக ஆங்கிலமும் இருக்கும். இருந்தாலும் மொழி தேர்வு செய்யும் திரையைப் படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரைக் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு இது ஒரு நிமிட வேலை.

உத்தரவாதம்தான் பெயரோடு உண்மையாகவே ஒட்டியிருக்கும் ஒன்று. கனன் இங்கு தரும் உத்தரவாதம் கனடாவிலோ அமெரிக்காவிலோ வாங்கிப் பாவிக்கும் கமராவுக்கு உரியது. கிஸ் என்றோ 2000டி என்றோ முகத்தில் எழுதியிருக்கும் கமராவைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனால், அது இந்தச் சந்தைக்குரியதல்ல என்பதை யாரும் பெட்டி திறந்து பார்க்கத் தேவையில்லை. நிக்கோன் பெரும்பாலும் எல்லா நாட்டிலும் ஒரே பெயரையே வைக்கிறது. ஆனால் அமெரிக்காவில் உள்ள அதன் கிளை, வேறு சந்தையிலிருந்து வந்த கமராவைக் காசு கொடுத்தாலும் பழுதுபார்ப்பதில்லை என்ற கொள்கை உடையது. இணையத்தில் இங்குள்ள கடை விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு "புதியது" என்று போட்டிருப்பவை பெரும்பாலும் இப்படி வேறு நாட்டுக்கென அனுப்பப்பட்டவை. விற்பவர் தரும் உத்தரவாதம் அவருடைய சொந்த உத்தரவாதம், கனனுடையதல்ல. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் கனேடிய வரியும், கூரியர் நிறுவனம் சுங்க வேலைக்கென்று அறவிடும் கட்டணமும் வாசலில் வந்து நிற்கும். இங்குள்ள கடையில் வாங்கினாலும், ஒன்ராறியோவில் விலைச்சீட்டில் உள்ள தொகைக்கு மேல் 13 சதவீத வரி உண்டு. ஒப்பிடும்போது இரு பக்கமும் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சாமத்தியவீடு, பிறந்தநாள் போன்றவற்றுக்குப் படம் எடுக்க எண்ணியிருப்பதாக எழுதியதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். கமராவின் மேல் ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் நடுவில் ஒரு தொடுமுனை வழக்கமாக இருக்கும். 2000டி, 4000டி, 250டி ஆகியவற்றிலிருந்து கனன் அதை நீக்கிவிட்டது. விளைவு, பலரும் பாவிக்கும் மலிவான பிற நிறுவன ஃபிளாஷ்களில் பல இவற்றில் ஒளிராது. கனனுடையதையோ, கனன் முறைக்கென்றே செய்ததையோ வாங்கவேண்டும். 200டியில் அந்த முனை இருக்கிறது. விழாக்களுக்குப் போகும் ஒருவருக்கு, கமராவில் மிச்சம் பிடித்த காசு ஃபிளாஷில் போய்விடும் என்பதால் இதை முன்கூட்டியே கணக்கில் எடுப்பது நல்லது.

என் கருத்தைக் கேட்டால், கடையில் புதிய ரி7 (ஐ இல்லாதது) வாங்க வேண்டாம். 2020 பெப்ரவரியில் அறிவித்த 850டிக்குப் பின்னர் கனன், உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள இந்த டிஎஸ்எல்ஆர் வகையில் புதிய கமரா எதையும் வெளியிடவில்லை; அதன் கவனம் அந்தக் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) ஆர் வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையில் ஆர்50, ஆர்100 என்ற பெயர்கள் ஜப்பான் உட்பட எங்கும் ஒன்றே என்பது ஆறுதலான செய்தி, ஆனால் விலை கூட. இப்போதைக்கு, டொரொன்டோவில் பாவித்த கமராக்களைச் சோதித்து விற்கும் ஹென்றீஸ், விஸ்டெக் போன்ற பழைய கடைகளில் எஸ்எல்2 அல்லது ரி7ஐ என்ற பெயரில், அதாவது எழுத்து சேர்ந்த அந்தப் பெயரில், ஒன்று கிடைக்கிறதா என்று பாருங்கள்; கையில் பிடித்துப் பார்க்கலாம், பற்றுச்சீட்டும் கிடைக்கும். பாரிஸ் அண்ணனின் 2000டியை, லென்ஸில் ஐஎஸ் இருந்து, விலையும் உறவினர் விலையாக இருந்தால், உத்தரவாதத்தைப் பற்றி யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பழகுவதற்கு அது போதும். ஜப்பானிய விற்பனையாளரிடம் அடித்தட்டு, பற்றரி, மொழித் திரை ஆகிய மூன்றின் படங்களைக் கேளுங்கள். மூன்றும் சரியாக இருந்து, வரியும் கூரியர் செலவும் சேர்த்த பின்னும் இங்குள்ள எஸ்எல்2 விலையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மலிவாக இருந்தால் மட்டும் எடுங்கள். படங்களை அனுப்பத் தயங்கினால் அவரை விட்டுவிடுங்கள்.