சனிக்கிழமை சாயங்காலம் வரும் போன்கள்

கேள்வி: எனக்கு 33 வயது. வீடு திருப்பூரில், வேலை கோவையில் ஒரு ஐ.டி. கம்பெனியில். பவர் டேபிள் போட்டுத் தையல் ஜாப் வொர்க் செய்யும் யூனிட்டுகளுக்காக, பீஸ் ரேட் சம்பளமும் டெலிவரி சலானும் போடும் சாஃப்ட்வேர் ஒன்றை ராத்திரிகளில் உட்கார்ந்து எழுதினேன். மூன்று வருடத்தில் 37 யூனிட்டுகளுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரே முறை 15,000 ரூபாய், அவ்வளவுதான். சனிக்கிழமை சம்பள நாள் என்பதால் சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கும் போன் ராத்திரி வரை ஓயாது. மகளின் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டும்போதுகூட ஒரு யூனிட்டின் ரேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கலாமா? வீட்டுச் செலவு மாதம் 45,000 ரூபாய். என் தாய்மாமா 20 லட்சம் தருகிறேன், பாதிப் பங்கு கொடு என்கிறார். நண்பர்கள் சென்னைக்குப் போய் முதலீட்டாளர்களைப் பார் என்கிறார்கள். மாமாவிடம் வேண்டாம் என்று சொல்வதானால், மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வேலையை இப்போது விடாதீர்கள். மாமாவின் பணமும் இப்போது வேண்டாம். அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த 37 பேரிடமும் வருடக் கட்டணம் கேளுங்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. மதுரையில் மருந்துக்கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேரை இருபது வருடத்துக்கு மேல் நடத்தியவன் நான். நானும் உங்களைப் போலவே ஒரு முறை காசு வாங்கிக்கொண்டு ஆயுளுக்கும் உழைத்தேன். 2007 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டில் விற்பனை வரி போய் வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி வந்தது. என்னிடம் அப்போது 110 கடைகள். பில்லின் அமைப்பு, வரிக் கணக்கு, மாத ரிட்டர்ன் எல்லாம் மாற வேண்டும். டிசம்பர் முழுக்க எழுதி, சி.டி.யில் போட்டு, டி.வி.எஸ். 50-ல் கடை கடையாகப் போய் மாற்றிக் கொடுத்தேன். யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கேட்கக் கூச்சம். இப்படியே போன நாலு மாதத்தில் புது விற்பனை ஒன்றுகூட இல்லை. என்னிடம் வேலை பார்த்த பையனுக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் செயின் அடகுக் கடைக்குப் போனது.

அடுத்த வருடம்தான் துணிந்து, வருடத்துக்கு 1,500 ரூபாய் என்று கேட்டேன். 23 கடைக்காரர்கள் முடியாது என்றார்கள். ஒருவர் கடைவாசலிலேயே திட்டினார். 87 பேர் கொடுத்தார்கள். அதில் பாதிப்பேர், "இத்தனை நாளா ஏன் கேக்கலை?" என்று கேட்டதுதான் இன்றுவரை மறக்கவில்லை. நான் கடையை மூடிவிட்டுப் போய்விடுவேனோ என்று அவர்களுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கிறது. வாட் வந்து பத்து வருடம் கழித்து, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதைவிடப் பெரிய வேலை. ஆனால் வருடக் கட்டணம் கையில் இருந்ததால் இரண்டு மாதம் முன்பே கூடுதலாக இரண்டு பேரை வேலைக்கு வைத்து, நேரத்துக்கு முடித்தோம். செயின் கழுத்திலேயே இருந்தது.

உங்கள் கணக்கையே பாருங்கள். 37 யூனிட்டுகளுக்கு 15,000 வீதம் மூன்று வருடத்தில் 5,55,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 15,400 சொச்சம். இப்போது பழைய வாடிக்கையாளர்களுக்கு வருடம் 6,000 என்று வையுங்கள். ஏழு பேர் விலகி 30 பேர் மட்டும் கட்டினாலும் 1,80,000. மாதம் 15,000. மூன்று வருடம் புதுப்புது யூனிட்டாக ஏறி இறங்கி மாதாமாதம் சம்பாதித்த கிட்டத்தட்ட அதே தொகை, புதிதாக ஒரு யூனிட்டையும் பிடிக்காமல் வருகிறது. அடுத்த வருடமும் வரும்.

இந்தக் கட்டணம் உங்கள் ஊர் முதலாளிகளுக்குப் புதிதும் இல்லை. அவர்களில் பலருடைய கணக்கர் மேஜையில் டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் இருக்கும். டேலியின் லைசென்ஸை ஒரு முறை வாங்கினால் அது நின்றுபோகாது. ஆனால் புதிய வெர்ஷனும் இணையச் சேவைகளும் வேண்டுமென்றால் வருடா வருடம் டி.எஸ்.எஸ். என்கிற சேவைச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த டேலியும் உங்கள் சாஃப்ட்வேரைப் போல ஒரு தொழிலின் தேவையில் பிறந்ததுதான். நூற்பாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் உதிரிபாகங்கள் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்குச் சரியான கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். பெங்களூருவில் 1986-ல் தொடங்கியது அந்தக் கம்பெனி.

ஆகவே அதே மாதிரி சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி போதும்: "அண்ணா, வணக்கமுங்க. ஏப்ரல் ஒண்ணாந் தேதியில இருந்து நம்ம சாஃப்ட்வேருக்கு வருசம் 6,000 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் வருதுங்க. போன் சர்வீஸ், புது வெர்ஷன், சட்டம் மாறுனா அதுக்கான மாத்தம் எல்லாம் இதுல வந்துருமுங்க. கட்டலைன்னாலும் இப்ப இருக்கற சாஃப்ட்வேர் நிக்காதுங்க, அப்படியே ஓடும். சர்வீஸ் மட்டும் இருக்காதுங்க." கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். மிரட்டி வாங்கிய பணமாக அது இருக்கக் கூடாது. நீண்ட நாள் வாடிக்கையாளர் ஐந்தாறு பேரை மட்டும் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் மாதத்தில் மட்டும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் எந்த ஜாப் வொர்க் முதலாளியின் கையிலும் பணம் தங்காது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒருமுறைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, வருடம் 12,000, முன்பணமாக. மாதம் ஆயிரம் ரூபாய். உங்கள் சாஃப்ட்வேர் போடுவது, ஒரு சூப்பர்வைசர் சனிக்கிழமை அரை நாள் கால்குலேட்டரோடு உட்கார்ந்து போடும் கணக்கு. ஓவர்லாக் மெஷின்காரருக்கு எத்தனை பீஸ், பிளாட்லாக் மெஷினுக்கு எத்தனை, உதவிக்கு நிற்கும் கைமடிக்கு எத்தனை ஷிப்ட் என்று தப்பில்லாமல் முடித்துக்கொடுக்கிற பொருளுக்கு இது அதிகமே இல்லை.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். நான் இதில்தான் அதிகம் அடிபட்டேன்.

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். நாலு சனிக்கிழமை வருகிற ஒவ்வொரு போனையும் எழுதுங்கள்: யார், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், எத்தனை நிமிடம். நான் எழுதியபோது, நூறு விதமான தொந்தரவு என்று நினைத்திருந்தது நாலைந்து விஷயம்தான் என்று தெரிந்தது. உங்கள் கடிதத்திலேயே ஒன்று தெரிகிறது. "ரேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்" என்கிறீர்கள். என் ஊகம் இது: வாரத்தின் நடுவில் ஒரு ஆபரேஷனுக்கு, அதாவது தையலில் ஒரு பகுதி வேலைக்கு, பீஸ் ரேட்டை ஏற்றுகிறார்கள். உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு ஆபரேஷனுக்கு ஒரு ரேட்தான் சேமிக்க முடியும். புது ரேட்டைப் போட்டதும் திங்கள், செவ்வாய் தைத்த பீஸுக்கும் அதுவே விழுகிறது. சாயங்காலம் கணக்கு இடிக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு ரேட்டோடும் 'எந்தத் தேதியிலிருந்து' என்ற ஒரு கட்டத்தைச் சேருங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குப் பிறகு அந்த வகைப் போன் வரவே வராது. புது அம்சம் எழுதுவதைவிட இப்படி ஒரு போனை நிறுத்துவதில் எனக்கு எப்போதும் சந்தோஷம் அதிகம்.

புது வெர்ஷனைத் திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் வெளியிடுங்கள். வியாழனுக்குப் பிறகு எதையும் தொடாதீர்கள். வருடக் கட்டணம் வரத் தொடங்கியதும் முதல் செலவு, சனிக்கிழமைக்கு ஒரு ஆள். கம்பெனிகளில் சம்பளக் கணக்குப் பார்த்துவிட்டுக் குழந்தைக்காக வேலையை விட்ட பெண்கள் உங்கள் ஊரில் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பீஸ் ரேட்டை விளக்கவே வேண்டாம், உங்களுக்குத்தான் அவர்கள் விளக்குவார்கள். மதியம் மூன்றிலிருந்து ராத்திரி ஒன்பது வரை, வீட்டிலிருந்தபடியே. நல்ல சம்பளம் கொடுங்கள்.

அப்படியானால் வேலையை எப்போது விடுவது? வீட்டுச் செலவு 45,000, தொழில் செலவு 15,000 என்று வைத்தால் வருடத்துக்கு 7,20,000 வேண்டும். அதில் பாதி, அதாவது 3,60,000, புதுப்பித்தலாக மட்டும் வர வேண்டும். பழைய 30 பேரும், 12,000 கட்டுகிற புது 15 பேரும் சேர்ந்தால் அந்தத் தொகை. முதல் வருடம் கட்டுவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். இரண்டாம் முறை கட்டினால்தான் அவர் உங்கள் வாடிக்கையாளர். இதோடு ஒரு வருட வீட்டுச் செலவு 5,40,000 வங்கியில் தனியாக இருக்கட்டும். இது நடக்க இரண்டு வருடத்துக்கு மேலேகூட ஆகலாம். நீளமாகத் தெரியும். ஆனால் சம்பளம் வருகிற காலத்தில் தப்பான வாடிக்கையாளரை வேண்டாம் என்று சொல்ல முடியும். வேலையை விட்ட மறுநாள் அந்தச் சுதந்திரம் போய்விடும்.

அதுவரை கம்பெனியில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுதாகப் படியுங்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. வேலையின் ஒரு பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ராத்திரி உங்கள் வீட்டில் எழுதியது பொதுவாக அதில் வராது என்றாலும், பல கம்பெனிகளின் ஒப்பந்தம் அதற்கு மேலும் கேட்கும். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.

வரி விஷயம் இப்போதைக்குச் சிறியது. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், செய்துவிடுங்கள். பிற்பாடு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி எதற்காவது விற்றால், சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிற சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும்.

முதலீட்டாளர் பற்றி. அவர்கள் பணத்தில் வளர்ந்தவர்களும் உண்டு. சென்னையில் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கே போனது. 1996-ல் தொடங்கிய ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனி வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது. இரண்டும் உங்கள் கதை இல்லை. முதலீட்டாளருக்குப் போட்ட பணம் பல மடங்காக வேண்டும். தையல் யூனிட்டுகளின் சம்பளக் கணக்கில் அது கிடைக்காது. ஒரு குடும்பம் கௌரவமாக வாழ, இரண்டு மூன்று பேருக்கு வேலை கொடுக்கக் கிடைக்கும். அதை அவர்களிடம் காட்டினால், வேறு எதையாவது செய்யச் சொல்வார்கள்.

ஒரு பயம் எனக்கு உண்டு. உங்கள் 37 பேரும் ஒரே ஊர், ஒரே தொழில். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடியபோது தையல்வரை எல்லாம் ஆடிப்போனது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது என்ன நடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வருமானத்தில் பாதி ஒரு காலத்தில் ஒரே மருத்துவமனையின் கிளைகளிலிருந்து வந்தது. அவர்கள் ஒரே கடிதத்தில் விலகினார்கள். அந்த வருடத்தை இன்னொருவர் பட வேண்டாம். ஆகவே அடுத்த 15 பேரில் ஐந்து பேராவது கரூரில் இருக்கட்டும். அங்கே வீட்டு ஜவுளித் தையலுக்கும் பீஸ் ரேட்தான். ஆம்பூரின் ஷூ யூனிட்டுகளையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

வாடிக்கையாளர் மனதில் இருக்கும் கேள்வி, "இந்தத் தம்பிக்கு ஏதாவது ஆனா?" என்பது. கேட்க மாட்டார்கள். நீங்களே பதிலை எழுதிக் கொடுங்கள். எல்லா விவரத்தையும் எக்ஸெல்லில் எடுத்துக்கொள்ள ஒரு பட்டன். சோர்ஸ் கோடின் பிரதி ஒன்று நம்பகமான நண்பரிடம், உங்களால் முடியாமல் போனால் அவர் பார்த்துக்கொள்வார் என்று ஒரு தாள். விவரங்களைச் சேமித்து வைக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் கிட்டத்தட்ட எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிறது. 2000-ல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. இன்றும் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 2050 வரை ஆதரவு தருவது எங்கள் எண்ணம் என்று அவர்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஐந்து வருடத்துக்கு எழுதினால் போதும்.

மாமா விஷயம். அவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை, 20 லட்சம் போடுகிறவர் பங்கு கேட்பார்தான். ஆனால் அந்தப் பணத்தை வைத்து இன்று வாங்க வேண்டியது உங்களிடம் எதுவும் இல்லை. வாங்கினால் சும்மா இருக்காமல் ஆபீஸ் எடுப்பீர்கள், ஆள் வைப்பீர்கள், இரண்டு வருடத்தில் தீரும். பிறகு ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். போனில் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்: "மாமா, நீங்க என்னை நம்பித் தர்றேன்னு சொன்னதே எனக்குப் பெரிசுங்க. இப்ப வாங்குனா என்ன செய்யறதுன்னு எனக்கே தெரியலீங்க மாமா. பணம் வேண்டாம், ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச யூனிட்காரங்க ரெண்டு பேர்த்துகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க."