நுவரெலியா போனால் ஹீற்றர் சூடாக அரை மணித்தியாலம்: பதில்

திருகோணமலையிலிருந்து நுவரெலியா போனால் உங்கள் காரின் ஹீற்றர் சூடாக அரை மணித்தியாலம் எடுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹீற்றரைக் கழற்றக் கொடுக்காதீர்கள், முதலில் தெர்மோஸ்டற்றைப் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை, அதை ஆற்றும் றேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு) பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் ஓடியும் வெப்ப முள் பாதிக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காட்டிக்கொடுக்கிறது. எஞ்சின் தண்ணீரின் சூட்டைத்தான் ஹீற்றர் உள்ளே ஊதுகிறது. தண்ணீர் சூடாகாவிட்டால் அது என்ன செய்யும்?

தெர்மோஸ்டற் திறந்தபடி இறுகியிருக்கலாம். இல்லாமலேகூட இருக்கலாம்! "எங்கட வெக்கைக்கு இது தேவையில்லை" என்று கழற்றி எறிகிற மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். திருகோணமலையில் ஓடும்வரை தெரியாது, இங்கே யார் ஹீற்றர் போடுகிறார்கள்? 1,800 மீற்றர் உயரத்துக்குப் போனால்தான் குட்டு வெளிப்படும்.

காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, றேடியேற்றரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள் (ஃபேன் பக்கம் கை போகக்கூடாது). சில நிமிடம் குளிர்ந்திருந்து பிறகு சட்டென்று சுட்டால் தெர்மோஸ்டற் நல்லது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் மாற்றுங்கள். சில எஞ்சின்களில் அது கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அப்படியானால் கீழ் ஹோஸைப் பாருங்கள்.

அது சரியென்றால், ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொடுங்கள். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் உள்ளே அடைப்பு. கூலன்ற்றுக்கு (எஞ்சினை ஆற்றும் திரவம்) பதில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய கார் என்றால் ஆச்சரியமில்லை.

கூலன்ற் மட்டம் குறைந்தாலும் ஹீற்றர் சூடாகாது. ஆனால் சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்கவே வேண்டாம். கார் ஹைபிரிட் என்றால் சொல்லுங்கள், எஞ்சின் அடிக்கடி நிற்பதால் அதில் கொஞ்சம் தாமதம் வழமைதான்.