பதினைந்தாயிரத்துக்குள் எலெக்ட்ரிக் கிட்டார்: எந்தக் குறையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓராண்டாக அக்கூஸ்டிக் கிட்டார் கற்கிறாள். இப்போது எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறாள். எங்களால் 15,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. கிட்டார், ஆம்ப் (ஒலிபெருக்கி), பை, கேபிள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு ஒன்று இணையத்தில் 9,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிராண்ட் பெயர் கேள்விப்பட்டதில்லை. உள்ளூர்க் கடையில் வேறொரு கிட்டார், கிட்டார் மட்டும், 11,000 ரூபாய். எனக்கு வாசிக்கத் தெரியாது. விலை குறைந்த கிட்டார் தேறுமா தேறாதா என்று என்னைப் போன்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது?
ஒரு தந்தை, திருச்சி

பதில்: கடையில் இருப்பதைப் போய்ப் பாருங்கள். தொகுப்பை விட்டுவிடுங்கள். கேள்விப்படாத பிராண்ட் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெட்டியில் வருவதை முன்கூட்டித் தொட்டுப் பார்க்க முடியாது. இந்த விலையில் தொட்டுப் பார்க்காமல் கிட்டார் வாங்கவே கூடாது. ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே பெட்டகத்தில் வந்த இரண்டு கிட்டார்களில் ஒன்று அருமையாகவும் மற்றொன்று அழவைப்பதாகவும் இருந்ததை என் பழுதுபார்க்கும் மேசையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏன் இந்த வேறுபாடு? ஃபெண்டரின் ஸ்குவையர், கிப்ஸனின் எபிஃபோன் போன்ற விலை குறைந்த வரிசைகளின் கிட்டார்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து வருகின்றன. அங்கே உடலையும் கழுத்தையும் கணினி இயக்கும் இயந்திரங்கள் வெட்டுகின்றன. அந்த வெட்டில் பெரும்பாலும் பிழை இருப்பதில்லை. விலையைக் குறைக்க அவர்கள் கைவைப்பது கைவேலையில்தான். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளைச் சமமாகத் தேய்ப்பது, அவற்றின் முனைகளை மழுக்குவது, தலைப்பக்கம் தந்திகள் ஏறி இறங்கும் நட்டில் சரியான ஆழத்துக்குப் பள்ளம் அறுப்பது, கடைசியாக ஒருவர் மடியில் வைத்துச் சுருதி பார்ப்பது ஆகியவை அரைகுறையாக நிற்கும். விடுபட்ட இந்தக் கைவேலையை நம் ஊரிலேயே ஒரு நல்ல பழுதுபார்ப்பவரிடம் காசு கொடுத்துச் செய்துகொள்ளலாம். இயந்திரம் செய்த பிழையைத் திருத்த முடியாது.

வீணையோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கின்றன. சுருதி விலகினால் மெழுகை எடுத்துவிட்டு மீண்டும் மேளம் கட்டலாம். கிட்டாரில் ஃபிரெட்டுகள் மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறக்கப்பட்டவை. பள்ளம் இடம் தவறினால் அந்தக் கழுத்து ஆயுள் முழுவதும் அபஸ்வரம்தான்.

ஆகவே அளவு நாடாவிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவக் கிட்டார்களில் (உடலில் இரண்டு கொம்புகள் இருக்கும்) தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. நட்டின் விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை (பெரும்பாலும் இரட்டைப் புள்ளி போட்டிருக்கும் இடம்) சரியாக அதில் பாதி, 324 மி.மீ. இருக்க வேண்டும். லெஸ் பால் வடிவத்தில் (ஒரு கொம்பு மட்டும்) ஏறக்குறைய 314. பிறகு செல்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலியைத் திறந்து, உங்கள் மகளை ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே மீட்டச் சொல்லுங்கள். அடுத்து அதே தந்தியைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் மெதுவாக அழுத்தி மீட்டச் சொல்லுங்கள். இரண்டு முறையும் அதே ஸ்வரம் வர வேண்டும். முள் சற்று விலகினால் கவலை வேண்டாம். உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகள் அதைத் திருத்துவதற்காகவே இருக்கின்றன. முதல் மூன்று ஃபிரெட்டுகளில் மட்டும் சுருதி ஏறிக் கேட்டால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை என்று பொருள். அதுவும் அரத்தால் தீரும். நடுவில் ஏதோ ஒரு ஃபிரெட்டில் மட்டும், எல்லாத் தந்திகளிலும் சுருதி பிசகினால் அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்தது கழுத்து. மிக அதிக நேரம் செலவிட வேண்டியதும் இதற்குத்தான். மெல்லிய தந்திகள் பூட்டிய கிட்டாரிலும் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இதை எதிர்க்கத்தான் கழுத்துக்குள் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி ஓடுகிறது. கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோலத் தலைப்பக்கம் நோக்கிப் பாருங்கள். இரு ஓரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முறுக்கிக்கொண்டு போனால் வாங்காதீர்கள். துவைத்த துணியைப் பிழிந்ததுபோல் முறுகிய கழுத்தை இந்த விலைக் கிட்டாரில் நேராக்குவது கட்டுப்படியாகாது.

முறுக்கு இல்லாமல் வளைவு மட்டும் இருந்தால் அளந்து பார்க்கலாம். தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும், கழுத்து உடலைச் சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் அருகே, தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்கலாம். அதிகமாக இருந்தால் கடைக்காரரிடம் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். இடைவெளி குறைய வேண்டும். திருகு இறுகி நகரவே இல்லை என்றாலோ, சுற்றியும் பலன் இல்லை என்றாலோ, அந்தக் கிட்டாரை எவ்வளவு தள்ளுபடிக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். நம் ஊரில் மே மாத வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் மரம் அசையும். அசைந்ததைத் திருத்த இருக்கும் ஒரே வழி அந்தத் திருகு.

ஃபிரெட்டுகளைச் சோதிக்க உங்கள் பணப்பையில் உள்ள ஏடிஎம் அட்டை போதும். தந்திகளுக்கு இடையே அட்டையின் விளிம்பை, அடுத்தடுத்த மூன்று ஃபிரெட்டுகளின்மேல் நிற்கும்படி வையுங்கள். முதல் சில ஃபிரெட்டுகளுக்கு நீள விளிம்பு. இடைவெளி குறையக் குறைய, பன்னிரண்டாம் ஃபிரெட் வரை, குறுகிய விளிம்பு. அட்டை ஆடினால் நடுவில் உள்ள ஃபிரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு அப்படி இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். ஏழெட்டு இருந்தால் அந்தச் செலவில் வேறு கிட்டார் வாங்கிவிடலாம். கழுத்தின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். முனைகள் கீறினால் அது அசிங்கமான குறை, ஆனால் சிறிய குறை. மரம் உலர்ந்து சுருங்க, உலோகம் அப்படியே நிற்பதால் வருவது. அரத்தால் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

பிறகு பொறுமை வேண்டிய வேலை. ஆறு தந்திகள், இருபத்திரண்டு ஃபிரெட்டுகள், மொத்தம் 132 இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒருமுறை மீட்டுங்கள். ஆம்ப் வேண்டாம், வெறும் காதே போதும். பத்து நிமிடம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். நாதம் நீண்டு அடங்க வேண்டும். எங்காவது தட்டென்று செத்துப்போனால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தந்தியைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே அழுத்திப் பக்கவாட்டில் தள்ளும்போதும் ஒலி தொடர வேண்டும்.

தந்தி ஃபிரெட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஆக்‌ஷன் என்பார்கள். ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் மெல்லிய தந்திக்கு அடியில் இரண்டு அட்டைகள் நுழையும் உயரம் போதும். தடித்த தந்திக்கு மூன்றை நெருங்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனின் கிட்டார் என்னிடம் வந்தது. ‘விற்றுக் கொடுங்கள், இவனுக்குக் கை வரவில்லை’ என்றார் அவன் தாயார். அளந்தால் ஆக்‌ஷன் 4 மி.மீ. அந்தக் கிட்டாரில் ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டை என்னாலேயே சுத்தமாகப் பிடிக்க முடியவில்லை. நட்டை அறுத்து பிரிட்ஜை இறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிட வேலையை யாரும் செய்து தராததால் ஒரு குழந்தை இரண்டு ஆண்டுகள் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத அதுதான் காரணம்.

மின் பகுதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எஃகுத் தந்தி காந்தத்தின்மேல் அதிர, சுற்றியுள்ள செம்புச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப் என்பது அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் பின்னாளில் மாற்றலாம். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் துப்புரவு ஸ்பிரே போதும். கேபிள் செருகும் இடத்தை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா, சுவிட்சின் எல்லா நிலைகளிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆம்பில் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். எதிரொலி சேர்த்தால் எந்தக் கிட்டாரும் இனிக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் லேசான ரீங்காரம் இயல்பு. தந்தியைத் தொட்டதும் அது குறைந்தால் நல்லது. தொடும்போது விரலில் சுருக்கென்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஆம்பிலோ வீட்டு எர்த்திலோ கோளாறு இருக்கிறது. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் நீக்காதீர்கள்.

பாப்லரா, பாஸ்வுட்டா என்று உடல் மரத்தைப் பற்றி விற்பனையாளர் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை அதில் வைக்காதீர்கள். எடையை மட்டும் மகளின் தோளில் மாட்டிப் பாருங்கள். இரு முனையிலும் தந்தியைப் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகைப் பிரிட்ஜ் இந்த விலையில் வேண்டவே வேண்டாம். மலிவான உலோகத்தில் அது சுருதியைக் காப்பதில்லை.

பணக் கணக்கு இப்படி இருக்கட்டும். கிட்டார் 11,000. மேலே சொன்ன கைவேலைகளைச் செய்து கிட்டாரைச் சீராக்கும் செட்டப்புக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு தனியே எடுத்து வையுங்கள்; கூலி ஊருக்கு ஊர் மாறும், ஆனால் இந்தச் செலவைக் கிட்டாரின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். 9-42 அளவுத் தந்திகளை (மிக மெல்லியதும் மிகத் தடித்ததும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) அப்போதே பூட்டச் சொல்லுங்கள். அக்கூஸ்டிக்கில் பழகிய விரலுக்கு அவை பஞ்சுபோல இருக்கும். மீதியில் கிட்டாரிலேயே செருகும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று. பெரிய ஆம்ப் அடுத்த ஆண்டு வரட்டும்.

பழைய கிட்டாருக்கும் கதவைத் திறந்து வையுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய யமஹா பசிஃபிகாவோ ஸ்குவையரோ இதே தொகைக்குக் கிடைத்தால் புதியதைவிட நான் அதைத்தான் எடுப்பேன். முதல் மூன்று ஃபிரெட்டுகளில் தந்தி அறுத்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்றும், லெஸ் பால் வடிவமானால் நட்டுக்குப் பின்னால் தலை உடைந்து ஒட்டிய கோடு தெரிகிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கடைக்கு மகளோடு, அளவு நாடாவும் அட்டைகளும் எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு காலை நேரத்தில் போங்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்றை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். சோதனையில் தேறியவற்றுள் எது வேண்டும் என்பதை, நிறம் உட்பட, அவளே சொல்லட்டும்.